மாடியில் இணையம் வருகிறது, அலுவலக வலையமைப்பு வரவில்லை: அக்சஸ் பாயின்ட் எதை எதனோடு இணைக்கிறது?

ஈரோட்டுக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் நாங்கள் நடத்தும் சிறிய தணிக்கை அலுவலகம் இரண்டு தளங்களில் இயங்குகிறது. தரைத்தளத்தில் இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டி இருக்கிறது. கணக்கு மென்பொருளின் தரவுகளை வைத்திருக்கும் மேசைக்கணினியும், எல்லோருக்கும் பொதுவான லேசர் பிரிண்டரும் கேபிள் வழியாக அந்தப் பெட்டியோடு இணைக்கப்பட்டுள்ளன. அதன் வைஃபை முதல் தளத்துக்குச் சரியாக எட்டாததால், கேட் 6 கேபிள் ஒன்றை மேலே இழுத்து, அதன் முனையில் சாதாரண வைஃபை ரவுட்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம்.

மாடியில் உள்ள மடிக்கணினிகளில் இணையம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கணக்குக் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புறை திறப்பதில்லை, பிரிண்டரைத் தேடினால் அகப்படுவதும் இல்லை. அதே மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து ஃபைபர் பெட்டியின் வைஃபையில் சேர்த்தால் இரண்டும் உடனே கிடைத்துவிடுகின்றன. கீழே இருக்கும்போது மடிக்கணினிக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரியும், மேலே இருக்கும்போது 192.168.0 என்று தொடங்கும் முகவரியும் வருவதைக் கவனித்தேன்.

கேபிள் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருப்பதுதான் வைஃபை என்று இதுவரை எண்ணியிருந்தேன். அப்படியானால் மேலே மட்டும் ஏன் இந்த வேறுபாடு? ரவுட்டருக்குப் பதிலாக அக்சஸ் பாயின்ட் வாங்குங்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அவை இரண்டும் எதில் வேறுபடுகின்றன என்பதையும், ஒரு மடிக்கணினி கம்பியில்லாமல் அலுவலக வலையமைப்பில் சேரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் கவனித்த அந்த முகவரி வேறுபாட்டிலேயே விடை இருக்கிறது. மேலே ஓர் எண் வரிசையும் கீழே வேறோர் எண் வரிசையும் வருகின்றன என்றால், உங்கள் கட்டடத்தில் இரண்டு வலையமைப்புகள் இருக்கின்றன என்று பொருள்.

வைஃபை ரவுட்டர் என்று கடையில் விற்கும் பெட்டிக்குள் மூன்று கருவிகள் சேர்த்து அடைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவே நின்று முகவரிகளை மாற்றித் தரும் ரவுட்டர் ஒன்று, உள் கருவிகளுக்கான நான்கு லான் போர்ட்டுகளைக் கொண்டு அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் ஒன்று, அந்த ஸ்விட்சோடு உள்ளுக்குள்ளேயே இணைந்து வைஃபையை வழங்கும் அக்சஸ் பாயின்ட் ஒன்று. மாடிப் பெட்டியில் கேபிள், வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன். அந்தப் போர்ட்டுக்கு அப்பால் இருக்கும் எதையும் அந்தப் பெட்டி வெளியுலகமாகவே கருதும். உங்கள் கணக்குக் கணினியும், ஏதோ ஒரு கண்டத்தில் இருக்கும் இணையதளத்தின் சர்வரும் அதன் கணக்கில் ஒரே தரப்பைச் சேர்ந்தவை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மாடியில் உள்ள மடிக்கணினியின் உலாவியில் பிரிண்டரின் ஐபி முகவரியை நேரடியாக எழுதுங்கள். அதன் அமைப்புப் பக்கம் பெரும்பாலும் திறந்துவிடும். மேலிருந்து கீழே போகும் கோரிக்கையில் மாடி ரவுட்டர் தன்னுடைய முகவரியை இட்டு அனுப்பி, வரும் பதிலை உரிய மடிக்கணினிக்குத் திருப்பிக் கொடுப்பதால் அது நடக்கிறது. ஆனால் பிரிண்டரைத் தேடுவதும், கணினியை அதன் பெயரால் கண்டுபிடிப்பதும் வலையமைப்பில் உள்ள எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்கும் பிராட்காஸ்ட், மல்ட்டிகாஸ்ட் செய்திகளால் நடப்பவை. அவ்வகைச் செய்திகள் சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டுவதில்லை. கீழிருந்து மேலே உள்ள மடிக்கணினியை அணுகுவதோ, அதற்கெனத் தனியாக வழி திறந்து வைத்தாலொழிய இயலாது.

ஆகவே புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் பெட்டியில் ரவுட்டர் வேலையை மட்டும் நிறுத்தினால் போதும். அதன் அமைப்புப் பக்கத்தில் அக்சஸ் பாயின்ட் மோட் என்ற தெரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்பதுபோல், கீழ்ப்பெட்டி பிறருக்கு வழங்கும் முகவரிகளின் எல்லைக்கு வெளியே உள்ள ஒன்றாக மாற்றுங்கள். பிறகு கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி சேவையை அணைத்துவிட்டு, கடைசியாகக் கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லான் போர்ட் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. டிஎச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால், ஒரே வலையமைப்பில் இரண்டு பெட்டிகள் முகவரி வழங்கத் தொடங்கி, கீழ்த்தளத்தில் நன்றாக இருந்த கணினிகளும் குழம்பிவிடும்.


அலைப்பாலம் எழுதியது:

செம்புக்கம்பி சொன்ன தீர்வு சரியானது. மடிக்கணினி வலையமைப்பில் சேரும்போது என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்டதற்குச் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன், ஏனென்றால் வைஃபை பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் அங்கேதான் பிறக்கின்றன.

அக்சஸ் பாயின்ட் தன் இருப்பை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பீக்கன் எனப்படும் அந்த அறிவிப்பு வழக்கமாக 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 10 முறை வெளியாகும். வலையமைப்பின் பெயர், ஏற்கும் வேகங்கள், எந்த வகைப் பாதுகாப்பு என்ற விவரங்கள் அதில் இருக்கும். மடிக்கணினி ஒவ்வொரு சேனலாக, அதாவது அலைவரிசையாகச் சென்று இவற்றைக் கேட்டுப் பட்டியல் தயாரிக்கிறது. சில வேளைகளில் தானே முந்திக்கொண்டு யார் இருக்கிறீர்கள் என்று கேட்கவும் செய்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், பழைய காலத்து எச்சமாக நிற்கும் சம்பிரதாயமான ஓர் அறிமுகம் முடிந்து, இணைப்புக் கோரிக்கை போகிறது. அக்சஸ் பாயின்ட் அதை ஏற்று, அந்த மடிக்கணினிக்கு ஓர் இணைப்பு எண்ணைக் கொடுத்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. கேபிளை ஸ்விட்சில் செருகும்போது கேட்கும் அந்தச் சிறிய சொடுக்கு ஒலிக்கு ஈடான நிகழ்வு இதுதான்.

அடுத்து வருவது கடவுச்சொல். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் உங்கள் கடவுச்சொல் காற்றில் ஒருபோதும் அனுப்பப்படுவதில்லை. இரு தரப்பும் கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்து 4096 சுற்றுகள் கொண்ட ஒரு கணக்கீட்டின் வழியாக 256 பிட் முதன்மைச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு நான்கு செய்திகளில் தத்தம் தற்செயல் எண்களைப் பரிமாறிக்கொண்டு, அந்த அமர்வுக்கு மட்டுமான சாவியைக் கணிக்கின்றன. ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினாலும் ஒவ்வொரு மடிக்கணினிக்கும் தனிச் சாவி அமைவதும், பொதுச் செய்திகளுக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே சாவி இருப்பதும் இதனால்தான். இந்த நான்கு செய்திகளைப் பதிவுசெய்துகொண்டு போகும் ஒருவர், பிறகு ஆற அமர உட்கார்ந்து கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்துப் பொருத்திப் பார்க்க முடியும் என்பது இம்முறையின் பலவீனம். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைத்தது. தணிக்கை அலுவலகம் என்பதால் சொல்கிறேன்: டபிள்யூபிஏ2வில் இருக்கும்வரை, அலுவலகத்தின் பெயரோடு தொலைபேசி எண்ணைச் சேர்த்துக் கடவுச்சொல் வைக்க வேண்டாம்.

இவ்வளவும் நடந்து முடியும்வரை ஐபி முகவரி என்ற பேச்சே எழுவதில்லை. சாவிகள் அமைந்த பிறகுதான் மடிக்கணினி எனக்கு முகவரி கொடுப்பவர் யார் என்று டிஎச்சிபி வழியாகக் கேட்கிறது. அக்சஸ் பாயின்ட் மட்டுமாக இயங்கும் கருவி அதற்குப் பதில் சொல்லாது. அந்தக் கேள்வியைக் கேபிளில் இறக்கிவிடும், தரைத்தளத்து ஃபைபர் பெட்டி பதில் அளிக்கும். வைஃபை இணைந்துவிட்டது என்று விண்டோஸ் காட்டியும் முகவரி 169.254 என்று தொடங்கினால், காற்றுவழிப் பகுதி முடிந்துவிட்டது, டிஎச்சிபி பதில் மட்டும் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம்.

இனி, காற்றையும் கேபிளையும் அக்சஸ் பாயின்ட் பாலமாக இணைக்கும் பகுதி. ஈதர்நெட் கேபிளில் ஓடும் ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது தரவுப் பொட்டலத்திலும், அனுப்புபவர், பெறுபவர் என இரண்டு வன்பொருள் முகவரிகள் இருக்கும். மடிக்கணினி காற்றில் அனுப்பும் வைஃபை ஃப்ரேமில் மூன்று இருக்கும்: காற்றில் அதை வாங்க வேண்டிய அக்சஸ் பாயின்டின் முகவரி, மடிக்கணினியின் முகவரி, இறுதியாகச் சேர வேண்டிய கணக்குக் கணினியின் முகவரி. அக்சஸ் பாயின்ட் அதை வாங்கி, மறைகுறியீட்டை நீக்கி, தன் முகவரியை எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் அப்படியே வைத்து ஈதர்நெட் ஃப்ரேமாகத் திருப்பி எழுதுகிறது. எனவே கேபிளில் வெளிவரும்போது அந்த ஃப்ரேம் மடிக்கணினியே நேரடியாக அனுப்பியதுபோல் இருக்கும். கீழே ஃபைபர் பெட்டிக்குள் உள்ள ஸ்விட்ச், இந்த மடிக்கணினி என்னுடைய இன்ன போர்ட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். கணக்குக் கணினிக்கு நடுவே ஓர் அக்சஸ் பாயின்ட் இருப்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அக்சஸ் பாயின்டுக்கு நாம் கொடுக்கும் ஐபி முகவரிகூட அதன் அமைப்புப் பக்கத்தை நாம் திறப்பதற்காகத்தான்; மடிக்கணினிகளின் தரவைக் கடத்த அது தேவைப்படுவதில்லை.

ரவுட்டர் இப்படிச் செய்வதில்லை. அது ஃப்ரேமின் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஐபி முகவரியைப் படித்து, முற்றிலும் புதிய உறையில் தன் பெயரிட்டு அனுப்புகிறது. உங்கள் மாடியில் நடப்பது அதுவே. வைஃபை கேபிளுக்கு மாற்று என்று நீங்கள் எண்ணியது சரிதான், ஆனால் பெட்டியில் ரவுட்டர் பகுதி குறுக்கே நிற்காத வரையில் மட்டும்.


ஈரோட்டுக் கணக்கர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செம்புக்கம்பி சொன்ன சோதனையைச் செய்தேன். மேலிருந்து பிரிண்டரின் பக்கம் முகவரியால் திறந்தது, தேடலில் மட்டும் வரவில்லை. மாலையில் அலுவலகம் முடிந்ததும் மாடிப் பெட்டியை மாற்றி அமைக்கிறேன். இதோடு தொடர்புடைய இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இரண்டு தளங்களிலும் வைஃபைக்கு ஒரே பெயர் வைக்கலாமா, வேறு வேறு பெயர் வைக்க வேண்டுமா? மேலும், கேபிளில் நொடிகளில் பிரதியாகும் பெரிய கோப்பு வைஃபையில் மிகவும் இழுக்கிறது. மடிக்கணினியோ இணைப்பு வேகம் 866 மெகாபிட் என்று காட்டுகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?


மொட்டைமாடி எழுதியது:

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் பார்க்கும் 866 என்பது, 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் இரண்டு ஆன்டெனாக்களால் ஒரு ஃப்ரேம் பறக்கும் கணத்தில் உள்ள வேகம். எல்லா நேரமும் அந்த வேகத்தில் தரவு போகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. கேபிளில் ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டும் தனிப்பாதை. அதில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு சேனலிலோ, அதில் இருக்கும் அத்தனை கருவிகளுக்கும் சேர்த்து ஒரே பாதைதான். அனுப்ப விரும்பும் கருவி முதலில் காற்று ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறது, பின்னர் தற்செயலான ஒரு சிறு இடைவெளி காத்திருக்கிறது, பிறகே அனுப்புகிறது. அனுப்பியது சேர்ந்தது என்ற ஒப்புகை வராவிட்டால் மறுபடியும் இதே சடங்கு. இவற்றையெல்லாம் கழித்தால், காட்டப்படும் எண்ணில் பாதியைச் சற்றுத் தாண்டி உண்மையில் கிடைப்பதே நல்ல நிலை.

இதில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. தொலைவில், 6 மெகாபிட் வேகத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கைபேசி, 300 மெகாபிட்டில் இருக்கும் மடிக்கணினி எடுத்துக்கொள்வதைவிட ஏறத்தாழ 50 மடங்கு நேரம் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் அதே அளவு தரவை அனுப்பும். அந்த நேரம் முழுவதும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் அலுவலக வைஃபை மெதுவாக இருக்கிறது என்ற புகார் வரும்போது, இணையத் திட்டத்தை உயர்த்துவதற்கு முன்பு, யார் எவ்வளவு தொலைவிலிருந்து இணைந்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பது பயன் தரும்.

சேனல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் இருந்தாலும், அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே இடைவெளி. ஒரு வைஃபை அலையோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் பரவுகிறது. ஆகவே ஒன்றையொன்று தொடாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். கடைத்தெருவில் இருக்கும் அலுவலகம் என்றால் அந்த மூன்றிலும் பக்கத்துக் கடைகள் நிறைந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இந்தியாவில் உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005இலேயே திறக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018இல்தான் அவ்வாறு கிடைத்தது. மடிக்கணினிகளை 5 கிகாஹெர்ட்ஸிலும், பழைய கருவிகளை 2.4இலும் வைப்பதே என் பரிந்துரை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரிலும் கான்கிரீட் தளத்திலும் கூடுதலாக அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் உங்களிடம் தளத்துக்கு ஒரு கருவி இருப்பதால் அது நன்மையே. மேலே உள்ளது கீழே உள்ளதைத் தொந்தரவு செய்யாது.

கருவியை வைக்கும் இடம் முக்கியம். நான் பார்த்த அலுவலகங்கள் பலவற்றில் அந்தப் பெட்டி அழகாக இல்லை என்பதற்காக அதை இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, சில இடங்களில் பீரோவுக்கு உள்ளேயோ வைத்துவிட்டு, வைஃபை எட்டவில்லை என்று வருந்துகிறார்கள். அறையின் நடுப்பகுதியில், தலைக்கு மேல் உயரத்தில், உலோகத்துக்கு விலகி வையுங்கள். திறந்த வெளியில்கூடத் தொலைவு இருமடங்கானால் அலையின் வலு 6 டெசிபெல், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒவ்வொரு மேசையிலும் அலையின் வலு மைனஸ் 67 டிபிஎம் (வலுவை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் கிடைத்தால் கவலையில்லை. கருவியின் திறனை உச்சத்தில் வைப்பதால் பெரிய பயன் இல்லை. அக்சஸ் பாயின்ட் உரக்கச் சொல்வது மடிக்கணினிக்குக் கேட்கும், மடிக்கணினியின் சிறிய ஆன்டெனா சொல்வது திரும்பிப் போய்ச் சேராது.

பெயரைப் பொறுத்தவரை, இரண்டு தளங்களிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை, ஆனால் வேறு வேறு சேனல் என்று அமையுங்கள். மாடிப்படி ஏறும்போது எந்த அக்சஸ் பாயின்டுக்கு மாறுவது, எப்போது மாறுவது என்பதை மடிக்கணினிதான் முடிவு செய்கிறது, அக்சஸ் பாயின்ட் அல்ல. இரண்டும் ஒரே வலையமைப்பில் இருப்பதால் ஐபி முகவரி மாறாது. ஸ்விட்சும் அந்த மடிக்கணினி இப்போது வேறு போர்ட்டில் இருக்கிறது என்று குறிப்பைத் திருத்திக்கொள்ளும். சில மடிக்கணினிகள் மங்கிப்போன பழைய இணைப்பையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இன்டெல் அடாப்டர்களில் ரோமிங் அக்ரெசிவ்னெஸ் என்ற அமைப்பை ஒரு படி உயர்த்தினால் அது ஓரளவு சீராகும்.


ஈரோட்டுக் கணக்கர் எழுதியது:

மாற்றி அமைத்தாயிற்று. மாடி மடிக்கணினிகள் எல்லாவற்றிலும் இப்போது 192.168.1 வரிசையில் முகவரி வருகிறது, பிரிண்டரும் தேடலில் தெரிகிறது. பகிர்ந்த கோப்புறையும் திறக்கிறது. ஒரே ஒரு மடிக்கணினி மட்டும் மற்ற மடிக்கணினிகளுக்குத் தெரிய மறுக்கிறது, அதில் பகிர்ந்து வைத்த கோப்புகளை யாரும் திறக்க முடியவில்லை. தணிக்கைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு அதே மாடிப் பெட்டியின் கெஸ்ட் வைஃபையைக் கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.


செம்புக்கம்பி எழுதியது:

அந்த மடிக்கணினியில் இந்த வைஃபை பொது வலையமைப்பு என்று பதிவாகியிருக்கும். புதிதாகச் சேரும் வலையமைப்பை விண்டோஸ் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். அப்போது அதன் ஃபயர்வால் உள்வரும் பகிர்வுக் கோரிக்கைகளைத் தடுத்துவிடும். வைஃபை பண்புகளில் அதைத் தனியார் வலையமைப்பு என்று மாற்றுங்கள். அதன் பிறகும் தெரியாவிட்டால், அந்த மடிக்கணினி கெஸ்ட் பெயரில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைப்பது வழக்கம்.

கெஸ்ட் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோக ரவுட்டர்கள் பலவற்றில் அந்தப் பிரிவினையைச் செய்வது ரவுட்டர் பகுதி. அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றியதும் அது செயலற்றுப்போய், விருந்தினர் உங்கள் கணக்குக் கணினி இருக்கும் வலையமைப்பிலேயே வந்து இறங்கும் வாய்ப்பு உண்டு. கெஸ்ட் வைஃபையில் ஒரு கைபேசியைச் சேர்த்து, அதிலிருந்து பிரிண்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள். திறந்தால், வாடிக்கையாளர்களுக்குத் தரைத்தள ஃபைபர் பெட்டியின் கெஸ்ட் வைஃபையை இதே சோதனை செய்து கொடுங்கள். அங்கே ரவுட்டர் பகுதி இயங்குவதால் பிரிவினை வேலை செய்யக்கூடும். மாடியிலேயே அது வேண்டும் என்றால், ஒரே கேபிளில் தனித்தனி வலையமைப்புகளைப் பிரித்து ஓட்டும் விலான் வசதியை ஆதரிக்கும் ஸ்விட்ச், அதே வசதியுள்ள அக்சஸ் பாயின்ட் இவற்றோடு, ஃபைபர் பெட்டிக்கும் அந்த வசதி இருக்க வேண்டும். அதில் இல்லையென்றால் தனி ரவுட்டரும் தேவைப்படும். கூரையில் பொருத்தும் அந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் கேபிள் வழியாகவே மின்சாரமும் பெறுபவை. 100 மீட்டர் வரை நீங்கள் இழுத்த கேட் 6 கேபிளே அதற்குப் போதும், பக்கத்தில் பிளக் பாயின்ட் தேவைப்படாது.

கணக்கு மென்பொருளில் நாள் முழுவதும் பதிவு செய்பவர்களின் இருக்கைகளுக்கு மட்டும் தனியே கேபிள் இழுத்துவிடுங்கள். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது வைஃபை ஒரு கணம் அறுந்தால், உலாவி தானே சமாளித்துக்கொள்ளும். பகிர்ந்த கோப்புறையில் திறந்திருக்கும் தரவுக் கோப்பு அப்படிச் சமாளிக்காது.